பொழுது சொன்ன நர்சம்மா

செஞ்சியில் சூரியன் கொஞ்சம் சீக்கிரமாகவே மறைந்துவிடும். மேற்கே ராஜகிரி நிற்கிறது. ஆகாயத்தில் இன்னும் வெளிச்சம் பாக்கி இருக்கும்போதே சூரியன் கோட்டைச் சுவருக்குப் பின்னால் இறங்கி, கடைத்தெருவில் நிழல் விழுந்துவிடும். மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நாங்கள் சமணர்கள், ஊரார் நயினார் என்று கூப்பிடுகிறவர்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் வைப்பதில்லை, தண்ணீர்கூட. அதனால் சூரியன் மலைக்குப் பின்னால் போனாலே பொழுது போனதாகக் கணக்கா, இல்லை நிஜமாகவே அடிவானத்தில் இறங்கினால்தான் கணக்கா என்பது எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து நடந்துவரும் வழக்கு.

என் மனைவி பத்மாவதி மேல்சித்தாமூர்ப் பெண். அங்கே சூரியனை மறைக்கிற மாதிரி வீட்டுக்கு மேற்கே மலை கிடையாது. "எங்க ஊர்ல இன்னும் பொழுது இருக்கும், உக்காருங்க" என்பாள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "இது உங்க ஊரு இல்ல" என்று சொல்லிவிட்டு நான் கை கழுவப் போய்விடுவேன். கண்ணுக்குத் தெரியாத சூரியன் இல்லாத சூரியன்தான் என்பது என் கட்சி. பிடித்த பிடியை விடாதவன் என்று கடைத்தெருவில் எனக்குப் பெயர். மல்லாக்கொட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி நடத்துகிறவனுக்கு அது கெட்ட பெயரும் இல்லை. அவள் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. சண்டை போடுவதற்கும் இது ஒன்றுதான் இருந்தது.

இந்த வழக்கு ஒரு நாள் என் உயிர் வரைக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நன்றி சொல்லப் போய் அங்கே நான் உளறிக்கொட்டியது போதாது, ஒழுங்காக எழுதியாவது வையுங்கள் என்று பத்மா சொல்கிறாள். ஆகவே எழுதுகிறேன்.

மண்டி முற்றத்தில் எந்நேரமும் மாட்டு வண்டிகள் நிற்கும். லாடத்திலிருந்து கழன்ற ஆணி ஒன்று சாணியில் கிடந்து என் குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்தேன். பத்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். புண் ஆறிவிட்டது, நாங்களும் மறந்துபோனோம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது தாடை இறுக்கமாக இருந்தது. பல்வலி வரப்போகிறது என்று நினைத்தேன். அன்று சதுர்த்தசி. எங்களில் பக்தியுள்ளவர்கள் அன்று உபவாசம் இருப்பார்கள். பத்மா தவறாமல் இருப்பாள், நான் தவறாமல் சாப்பிடுவேன். காலையில் எனக்கு எதுவும் வேண்டாம் என்று கையசைத்ததும் அவள் முகம் அப்படி மலர்ந்தது.

"கடைசியில உங்களுக்கும் மனசு வந்துச்சா?" என்றாள்.

இல்லை, வாய் வலிக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. என் அண்ணன் வந்தார். தம்பி உபவாசம் என்று கேட்டு, வழக்கத்துக்கு மாறாக என்னிடம் மரியாதையாகப் பேசினார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. வாய் திறந்து பேசாமல் உட்கார்ந்திருந்ததை மௌனம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை உபவாசம் முடிக்க பத்மா கஞ்சி கொண்டுவந்தாள். டம்ளர் பல்லில் இடித்தது. பற்களுக்கு நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. ஒரு நாள் முழுக்க நோய் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, நாங்கள் அதைப் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் இளவயதுக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே, "கால்ல ஏதாவது குத்திச்சா?" என்று கேட்டார். பத்மாதான் ஆணியைச் சொன்னாள். டெட்டனஸ் என்றார். நம் பக்கத்தில் இரண ஜன்னி என்பார்களே, அதுதான். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி புண் வழியாக உள்ளே போய் ஒரு விஷத்தை உண்டாக்குகிறது. அந்த விஷம் நரம்பைப் பிடித்து உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக முறுக்குகிறது. முதலில் தாடை, பிறகு கழுத்து, முதுகு, கடைசியில் மூச்சு. புத்தியை மட்டும் அது தொடுவதில்லை. எல்லாம் தெரிந்துகொண்டேதான் கிடக்க வேண்டும்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்தான். ஆனா ரோட்டுல வண்டி குலுங்கினா வழியிலயே மூச்சு நின்னுடும். இங்கயே வெச்சுப் பாக்கறேன். உறுதி எதுவும் என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் பத்மாவிடம். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

வெளிச்சம், சத்தம், யாராவது தொடுவது, இவற்றில் எது வந்தாலும் இந்த நோயில் உடம்பு வில்லாக வளைந்துவிடும். தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் இருக்க, முதுகு மேலே எழும்பும். எலும்பு முறிகிற மாதிரி வலி. அப்போது மூச்சும் வராது. ஆகவே நோயாளியை இருட்டில், அமைதியில், தனியாக வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பழைய கட்டில்கள் போட்டிருந்த அறையைக் காலி செய்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி கட்டினார்கள். பத்மாவை உள்ளே விடவில்லை. கதவைச் சாத்தினார்கள்.

இருட்டு என்றால் நாமெல்லாம் ராத்திரியை நினைத்துக்கொள்கிறோம். ராத்திரியில் நட்சத்திரம் இருக்கும், பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடுவது கேட்கும். இது அப்படியல்ல. பேச முடியாது, புரள முடியாது, கூப்பிட முடியாது. தூக்க ஊசி போடுவார்கள். அது கலையும்போது விடிந்திருக்கிறதா, இருட்டியிருக்கிறதா என்று தெரியாது. செத்துப்போய்விட்டோமோ என்றுகூட ஒருமுறை நினைத்தேன். வலி வந்ததும் இல்லை என்று தெரிந்தது.

பத்மா அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாளாம். வளையல் சத்தம் எனக்கு ஆகாது என்று புடவைத் தலைப்பைக் கிழித்து இரண்டு கை வளையல்களையும் இறுகச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். உள்ளே நான் அந்த வளையல் சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது, பாவம், எத்தனை நேரம்தான் உட்காருவாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கதவின் இரண்டு பக்கமும் நாங்கள் அப்படி இருந்தோம்.

இந்த நோயில் முகத் தசைகள் இழுத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பது போலத் தெரியும். கதவு திறந்தபோது பத்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்கிறார், தேவலை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாளாம். அது சிரிப்பில்லை என்று நர்சம்மா அவளிடம் சொல்லவில்லை.

நர்சம்மாவின் பெயர் சகாயமேரி. போளூர்ப் பக்கம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான். செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். வந்ததும் தொடமாட்டார். "நயினாரே, நான் வந்திருக்கறேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பார். பிறகு, "இப்ப கைய தொடப்போறேன்" என்பார். அப்புறம்தான் தொடுவார். திடுக்கிட்டால் உடம்பு வளைந்துவிடும் அல்லவா. துணி சுற்றிய டார்ச் ஒன்று வைத்திருந்தார். அதன் வெளிச்சத்தில் அவருடைய விரல்கள் தெரியும். முகம் தெரியாது.

என் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ரப்பர் குழாய் போட்டிருந்தார்கள். அதில்தான் ஆகாரம். டாக்டர் முதலில் பாலில் முட்டை அடித்துக் கொடுக்கச் சொன்னார். பத்மா கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று சொல்லி, மல்லாக்கொட்டையை ஊறவைத்து அரைத்து, குழாய் அடைக்காதபடி துணியில் பலமுறை வடிகட்டிப் பாலெடுத்துக் கொண்டுவந்தாள். தினமும் அதுதான். மண்டிக்காரனுக்கு மண்டிச் சரக்கே ஆகாரம் என்று அண்ணன் பிறகு கேலி செய்தார்.

பொழுது போவது ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் சினிமா டென்ட் கொட்டாய். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அங்கே ஒலிபெருக்கியில் பாட்டு போடுவார்கள். முதல் ஆட்டத்துக்கு ஊரைக் கூப்பிடுகிற பாட்டு. அது கேட்டால் இன்றைக்கு அவ்வளவுதான், இனி ஆகாரம் கூடாது என்று எனக்குக் கணக்கு. ஆனால் அந்தப் பாட்டு ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஜன்னி இழுத்தது. டாக்டர் கம்பவுண்டரை அனுப்பினார். கொட்டாய்க்காரர் மறுபேச்சுப் பேசாமல் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போகும்வரை செஞ்சியில் பாட்டில்லாமல்தான் படம் ஓடியது. அவருக்கும் இங்கே ஒரு நன்றி. ஆனால் அவர் செய்த உபகாரத்தில் என் கடிகாரம் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு, குழாயில் பால் ஊற்றவரும்போது பகலா இரவா என்று எனக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பினேன். திருப்பியதுமே உடம்பு வளைந்தது. மறுபடி வந்தார்கள், மறுபடி திருப்பினேன். கம்பவுண்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"மூக்கு வழியா போறது சாப்பாடே இல்ல நயினாரே. மூக்கால சாப்பிடறவன் எந்த ஊர்லனா இருக்கானா?" என்று காதருகே வந்து கிசுகிசுத்தார்.

நல்ல வாதம்தான். வாய் திறந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பொழுது சாய்ந்தபின் நான் எதையும் தொடமாட்டேன் என்பதைப் பத்மா சொல்லி நர்சம்மா தெரிந்துகொண்டார். கதவுக்கு வெளியே அவர் டாக்டரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ராத்திரில புடிச்சு ஊத்தி அவருக்கு இழுத்துக்கறத விட, பொழுது சாயறதுக்குள்ளயே எல்லாத்தையும் குடுத்துடலாம் டாக்டர். நான் பாத்துக்கறேன்." டாக்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பு இந்த முறுக்கு முறுக்கினால் ஆகாரம் எரிந்துபோய்விடும், ஒரு வேளை தவறினாலும் தாங்காது என்றார். பிறகு சரி என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் குழாயைக் கையில் எடுக்குமுன் அவர் சொல்லுவார்: "பொழுது இருக்குது, நயினாரே."

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் அவரை நம்பவில்லை. மண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எவன் எடை போட்டாலும் தராசு முள்ளைப் பார்க்கிற புத்தி. இங்கே பார்க்க முள் இல்லை. வெளியே நடுராத்திரியாகக்கூட இருக்கலாம். நோயாளி பிழைக்க வேண்டும் என்று ஒரு பொய் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? தலையைத் திருப்பத் தெம்பில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஊரெல்லாம் வெளிச்சத்தில் இருக்க, எனக்கு மட்டும் சூரியன் ஒருவர் வாய்ச்சொல்லாகப் போய்விட்டது. அந்த அறையில் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது அந்தத் தனிமைதான்.

ஒரு நாள் காலையிலிருந்தே ஜன்னி விடாமல் இழுத்தது. காலையில் பால் கொடுக்க முடியவில்லை. மத்தியானமும் முடியவில்லை. ஊசிமேல் ஊசி போட்டு ஒருவழியாக அடங்கியபோது டாக்டர் வெளியே பத்மாவிடம் பேசுவது கேட்டது.

"சாயங்காலமாவது உள்ள போகணும்மா. இதுவும் போகலன்னா காலைக்கு அவர் இருக்க மாட்டார்."

பிறகு யாரும் வரவில்லை. பாம்பு கடித்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்களாம். ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லாரும் அங்கே. நான் காத்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: எனக்குச் சாக விருப்பமில்லை.

கதவு திறந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. ஓடிவந்திருக்க வேண்டும்.

"நயினாரே, நான் வந்திருக்கறேன்."

எப்போதும் சொல்கிறதைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"பொழுது மலைக்குப் பின்னால போயிடுச்சு" என்றார். "நான் நேரத்துக்கு வந்திருக்கணும். வர முடியல."

அறை அப்படியே இருந்தது. இருட்டு அப்படியே இருந்தது. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் இருக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் அது இருந்திருக்கிறது.

அவர் இன்னும் பேசினார். "உங்க வீட்டம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மேல்சித்தாமூர்ல இன்னும் கொஞ்சம் பொழுது இருக்குமாம்."

துணி சுற்றிய டார்ச்சை என் கண் பக்கம் மெல்லத் திருப்பினார். "குடுக்கட்டான்னா ஒரு தடவ கண்ண மூடித் தெறங்க. வேணாம்னா நான் ஊத்த மாட்டேன். உங்க இஷ்டம்."

கல்யாணமான நாளிலிருந்து நான் மறுத்துவந்த அந்த ஊர்ச் சூரியனை அவள் கதவிடுக்கு வழியாக எனக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்குப் போய்விடவில்லை, இவ்வளவு நேரமும் கதவுக்கு வெளியேதான் இருந்திருக்கிறாள். கண்ணை மூடினேன். திறந்தபோது இரண்டு பக்கமும் காதுவரை ஈரம் ஓடியது. நர்சம்மா அதைத் துடைக்குமுன், "இப்ப முகத்த தொடப்போறேன்" என்றார்.

அந்த ராத்திரி போயிற்று. காலையில் நான் இருந்தேன்.

அதற்குப் பிறகு முறுக்கு மெல்லத் தளர்ந்தது. கம்பளியை ஜன்னலிலிருந்து ஒரேயடியாக எடுக்காமல், ஒவ்வொரு நாளும் ஒரு மடிப்பு மேலே தூக்கிக் கட்டினார்கள். முகம் தெரிகிற அளவு வெளிச்சம் வருமுன்பே சகாயமேரி நர்சம்மாவுக்குப் பிரசவ வார்டில் வேலை மாற்றிவிட்டார்கள். வேறொருவர் வந்தார், அவரும் நல்லவர். நான் முதல் முதலாக எழுந்து உட்கார்ந்ததை, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததை, சகாயமேரி நர்சம்மா பார்க்கவில்லை. அவருக்குப் பிரசவ வார்டில் ஏதோ ஓயாத வேலை, நான் புறப்பட்ட அன்று லீவு என்றார்கள்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பார்க்க வந்தவர்கள் நிறைய. எல்லாருக்கும் என்னைவிட நன்றாக என் நோயைப் பற்றித் தெரிந்திருந்தது. ஒருவர் தன் மாமாவுக்கு வந்ததைச் சொன்னார். இன்னொருவர் மருந்து எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னார். எனக்குப் போட்ட விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதாம். அதைக் கேட்டு அன்று முழுக்க மனது சங்கடப்பட்டது. ஆகவே நன்றி சொல்ல வேண்டியவர்களில், பார்த்தறியாத ஒரு குதிரையும் இருக்கிறது. எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அறையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியவில்லை. பத்மாவிடம்கூட முடியவில்லை. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள். உள்ளே என்னோடு இருந்தது ஒரு குரல்தான். சாயங்காலமானால், யாராவது வந்து பொழுது இருக்குது என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன். எதிரே ஜன்னலில் சூரியன் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

கால் திடமானதும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பத்மா ஒரு பெரிய தூக்கில் பொரிவிளங்காய் உருண்டை எடுத்துக்கொண்டாள். நான் வழியெல்லாம் பேச வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலில் கம்பவுண்டர் பத்மாவைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளே போனேன். தாழ்வாரத்தில் மூன்று நர்சுகள். எல்லாரும் வெள்ளைச் சேலை. யார் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவராகத் தெரிந்த ஒருவர் முன்னால் போய்க் கைகூப்பி, நீங்கள் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இல்லை, நான் இருட்டில் கிடந்தபோது நீங்கள்தான் என்று ஆரம்பித்து, ஒத்திகை பார்த்ததில் பாதிவரை சொல்லிவிட்டேன். அந்த அம்மா திருதிருவென்று விழித்தார்கள். அவர்கள் அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர்களாம்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நயினாரே, தாடை நல்லாத் தெறக்குதே."

திரும்பினேன். ஒல்லியாக, கொஞ்சம் மாறுகண்ணோடு, நான் நினைத்ததைவிட வயதில் மிகச் சின்னவராக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். எதிரே தெரிந்த முகத்தோடு அந்தக் குரலை ஒட்டவைக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிரித்தார். அப்போது ஒட்டிக்கொண்டது.

ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. நெடுநாளாக உள்ளே கிடந்ததைத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு சாயங்காலம், பொழுது இருக்குதுன்னே சொல்லியிருக்கலாமே? எனக்கு இன்னா தெரியப்போவுது? நான் வேணாம்னு சொல்லியிருந்தா?"



"வேணாம்னுடுவீங்களோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார். "ஆனா அந்த ரூம்புல உங்களுக்கு நான் சொல்றத விட்டா வேற இன்னா இருந்துச்சு? அதையும் பொய்யாக்கிட்டா?"

அதற்குள் பத்மா வந்துவிட்டாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வளையல் சத்தம் கேட்டது. தூக்கைத் திறந்து உருண்டைகளைப் பங்கு வைத்தார்கள். தாழ்வாரத்தில் நிழல் நீண்டிருந்தது. நர்சம்மா ஓர் உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பொழுது இருக்குது, நயினாரே. சாப்பிடுங்க."

பத்மா சூரியனைத் தேடி ராஜகிரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.